யல்தோ, நத்தார், கிறிஸ்துமஸ்: டிசம்பர் 25-க்கு இத்தனை பெயர்கள் வந்தது எப்படி?

டிசம்பர் முதல் வாரம். கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் பல ஆபீஸ்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரு டப்பா, அதற்குள் மடித்துப் போட்ட சீட்டுகள். நீங்கள் எடுக்கிற சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் இந்த வருஷம் உங்கள் 'கிறிஸ்மஸ் ஃபிரண்ட்'. கொடுப்பது யார் என்று தெரியாமல் அவருக்குப் பரிசு வைக்க வேண்டும். கடைசி நாளில் குட்டு உடையும். சென்னையிலும் பெங்களூரிலும் இதே விளையாட்டுக்கு 'சீக்ரெட் சான்டா' என்று பெயர். மலையாளிகளுக்கு இது ஸ்கூல் காலத்திலேயே தொடங்கிய பழக்கம்.

அதே வாரத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு ஃபார்வர்டுகளும் வந்து சேரும். ஒன்று: "எக்ஸ்மஸ் என்று எழுதாதீர்கள், அது கிறிஸ்துவின் பெயரை அழிக்கிற வேலை." இன்னொன்று: "இது வெள்ளைக்காரன் கொண்டு வந்த பண்டிகை. பெயரைப் பாருங்கள், அதுவே இங்கிலீஷ்தானே?" இரண்டாவது ஃபார்வர்டு வந்ததும் குரூப்பில் இருக்கிற கிறிஸ்தவ நண்பர் எதுவும் சொல்ல மாட்டார். பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

பெயர் இங்கிலீஷ்தான், மறுக்க முடியாது. ஆனால் பெயரை வைத்துப் பண்டிகையின் ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றால், எல்லாப் பெயர்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும் இல்லையா? இந்த நாளுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே ஒரு பெயர் மட்டும் இல்லை.

முதலில் இரண்டு ஆண்டுகள்: 849, 1038

திருவனந்தபுரத்துக்கு வடக்கே ரயிலில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொல்லம். கி.பி. 849-ல் வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்தில் இருந்த ஒரு கிறிஸ்தவ தேவாலயத்துக்கு நிலமும் வணிக உரிமைகளும் கொடுத்து ஒரு செப்பேடு எழுதிக் கொடுத்தார். தரிசாப்பள்ளி செப்பேடு என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்வது இதைத்தான். வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. தமிழும் மலையாளமும் இன்னும் முழுசாகப் பிரியாத காலத்து மொழி. சாட்சிக் கையெழுத்துகள் அரபி, பஹ்லவி, ஹீப்ரு எழுத்துகளில் இருக்கின்றன. அந்தக் காலத்துக் கொல்லம் துறைமுகத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை அந்தக் கையெழுத்துகளே சொல்லிவிடும்.

இப்போது இரண்டாவது ஆண்டு. 'கிறிஸ்துமஸ்' என்ற சொல்லின் பழைய வடிவமான 'கிறிஸ்தெஸ் மாஸ்ஸெ' இங்கிலாந்தில் எழுத்தில் முதலில் கிடைப்பது 1038-ல். இரண்டுக்கும் நடுவே 189 வருஷம். அதாவது, ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ஏட்டில் ஏறுவதற்கு கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே, கொல்லத்து சர்ச்சுக்கு ராஜா பட்டயம் கொடுத்துவிட்டார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தச் செப்பேட்டில் எந்தப் பண்டிகையின் பெயரும் இல்லை. இருந்தாலும் அந்தக் காலத்துக் கேரளக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழி எது என்று நமக்குத் தெரியும்: சிரியாக். கேரளத்தில் 'சுறியானி' என்பார்கள். இயேசு பேசிய அராமிக் மொழியின் நெருங்கிய சொந்தம். அந்த மொழியில் டிசம்பர் 25-க்கு ஒரு பெயர் உண்டு. அது இன்றும் கேரளத்தில் உயிரோடு இருக்கிறது, நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி. பட்டத்தில் இருந்து பிளாமூடு, பி.எம்.ஜி., எல்.எம்.எஸ். வழியாகப் பாளையம் வரை சுமார் 3 கிலோமீட்டர் ரோட்டில் மூன்று சர்ச்சுகளைப் பார்த்தால் மூன்று பெயர்களின் கதையும் வந்துவிடும்.

பட்டம்: யல்தோ

2022 ஆகஸ்ட், பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி. டிரிபிள் ஜம்ப்பில் 17.03 மீட்டர் தாண்டி எல்தோஸ் பால் தங்கம் வாங்கினார். ஒரே ஒரு சென்டிமீட்டர் குறைவாகத் தாண்டிய அப்துல்லா அபூபக்கருக்கு வெள்ளி. இரண்டு பேருமே மலையாளிகள். அன்றைக்கு டிவியில் 'எல்தோஸ்' என்ற பெயரைக் கேட்டு, இது என்ன இத்தாலிப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி.

அது சிரியாக் பெயர். அந்த மொழியில் 'யல்தா' என்றால் பிறப்பு. மேற்கு சிரியாக் உச்சரிப்பில் 'யல்தோ'. சிரியாக் மரபுச் சபைகளில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கே அதுதான் பெயர்: யல்தோ பெருநாள். அது மலையாள வாயில் எல்தோ ஆகி, ஆட்களுக்கு வைக்கிற பெயராகவும் ஆனது. அதற்கு ஒரு முக்கியக் காரணம் இராக்கில் மோசுல் பக்கத்தில் இருந்து வந்த எல்தோ மார் பசேலியோஸ் என்ற ஆயர். 1685-ல் முதிர்ந்த வயதில் எர்ணாகுளம் மாவட்டத்துக் கோதமங்கலத்துக்கு வந்து, சில நாட்களிலேயே அங்கே இறந்துபோனார். அவருடைய கல்லறை இருக்கிற சர்ச்சுக்கு இன்றும் மலையாள கன்னி மாதம் 20-ம் தேதிப் பெருநாளுக்குக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் நடந்தே போகிறார்கள். அந்தப் பக்கம் 'எல்தோ' என்று கூப்பிட்டால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்பது கேரளத்தில் சகஜமான கிண்டல்.

பட்டத்தில் இருக்கிற செயின்ட் மேரீஸ் கதீட்ரல், 1930-ல் மார் இவானியோஸ் தலைமையில் கத்தோலிக்க சபையோடு இணைந்த மலங்கரை சபையின் தலைமை ஆலயம். வழிபாட்டு முறை மேற்கு சிரியாக். இந்த மரபில் விழாவுக்கு முன்பு டிசம்பர் 1 முதல் 'இருபத்தஞ்சு நோன்பு' வரும். மீனும் இறைச்சியும் கிடையாது. யல்தோ இரவில் சர்ச் முற்றத்தில் குழி வெட்டி நெருப்பு மூட்டுவார்கள். குருத்தோலை ஞாயிறுக்கு வாங்கி வீட்டில் காயவைத்த ஓலைகளை அதில் போடுவார்கள். மார்கழிக் குளிரில் நெருப்பைச் சுற்றி நிற்பது நமக்கு ரொம்ப அந்நியமான காட்சியும் இல்லையே!

இதே சொல்லுக்கு இன்னொரு பயணமும் உண்டு. ஈரானில் வருஷத்தின் மிக நீண்ட இரவை, டிசம்பர் 20 அல்லது 21-ஐ, 'யல்தா இரவு' என்று கொண்டாடுகிறார்கள். மாதுளையும் தர்பூசணியும் சாப்பிட்டு, கவிதை படித்து விடிய விடிய முழித்திருப்பார்கள். அது கிறிஸ்தவப் பண்டிகை கிடையாது. ஆனால் பெயர் அங்கே இருந்த சிரியாக் கிறிஸ்தவர்களிடம் இருந்து போனது. 2022-ல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெயர் ஒரு வழியில் வரலாம், பண்டிகை இன்னொரு வழியில் வரலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பாளையம்: நத்தார்

பாளையத்தில் ஜும்ஆ மசூதியும் கணபதி கோயிலும் செயின்ட் ஜோசப்ஸ் கதீட்ரலும் எட்டிப் பார்க்கிற தூரத்தில் நிற்கும். அந்தக் கதீட்ரல் லத்தீன் கத்தோலிக்கர்களுடையது. விழிஞ்ஞம், பூந்துறை, வெட்டுகாடு என்று இந்தக் கடற்கரை முழுக்க இருக்கிற மீனவ மக்களில் பெரும்பாலோர் இந்தச் சபைதான். 1544-ல் பிரான்சிஸ் சேவியர் இந்தத் திருவிதாங்கூர் கரையில் கிராமம் கிராமமாக நடந்தார். அவரை அனுப்பியது போர்த்துகல்.

போர்த்துகீசில் இந்தப் பண்டிகைக்கு 'நத்தால்' என்று பெயர். வேர் லத்தீன், பொருள் பிறப்பு. ரோமில் டிசம்பர் 25-ஐக் கிறிஸ்து பிறந்த நாளாகக் குறிப்பிடுகிற நமக்குக் கிடைத்த மிகப் பழைய ஆவணம் கி.பி. 354-ல் தொகுத்த ஒரு நாட்காட்டி. அதில் இருப்பதும் 'பிறந்தார்' என்ற சொல்தான். பிரெஞ்சில் நோயல், இத்தாலியனில் நத்தாலே, ஸ்பானிஷில் நவிதாத், எல்லாமே இந்தக் குடும்பம்.

போர்த்துகீசுக்காரர்கள் நம் வீட்டுக்குள் விட்டுப்போன சொற்கள் நிறைய. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் அவர்கள் கொடுத்தவை. ஆனால் தமிழ்நாட்டின் பொதுப் பேச்சில் 'நத்தால்' நிற்கவில்லை. நின்றது இலங்கையில். யாழ்ப்பாணத்தை 1619 முதல் 1658 வரை அவர்களே நேரடியாக ஆண்டார்கள். அங்கே ரொட்டிக்குப் பாண், நாற்காலிக்குக் கதிரை, ஷூவுக்குச் சப்பாத்து. அந்த வரிசையில் கிறிஸ்துமஸுக்கு நத்தார். சிங்களத்தில் நத்தல. இன்றும் கொழும்புப் பத்திரிகையிலும் டொரண்டோவில் இருக்கிற யாழ்ப்பாணக் குடும்பத்தின் வாழ்த்து அட்டையிலும் 'நத்தார் வாழ்த்துகள்' இருக்கும். நம்ம கிறிஸ்துமஸ் தாத்தா அங்கே நத்தார் தாத்தா. திருவனந்தபுரத்தில் அவரே 'கிறிஸ்மஸ் அப்பூப்பன்'.

இந்தச் சொல்லை நீங்கள் வேறு ஓர் இடத்திலும் படித்திருப்பீர்கள். 1497 டிசம்பர் 25 அன்று ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையைக் கடந்துபோன வாஸ்கோ ட காமா, அந்த நாளின் பெயரையே அந்தக் கரைக்கு வைத்தார்: நத்தால். ஐந்து மாதம் கழித்து, 1498 மே மாதம், அவருடைய கப்பல்கள் கோழிக்கோட்டை வந்தடைந்தன. 1860-ல் சென்னையில் இருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் 'ட்ரூரோ' கப்பலில் போய் இறங்கியது அந்தக் கரையில்தான். காந்தி 1894-ல் இந்தியர்களுக்கான காங்கிரஸைத் தொடங்கியதும் அங்கேதான். ஆங்கில உச்சரிப்பு வழியாக நாம் அதை 'நேட்டால்' என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். நத்தாரும் நேட்டாலும் ஒரே சொல்.

எல்.எம்.எஸ்.: கிறிஸ்துமஸ்

பாளையத்தில் இருந்து திரும்பிக் கொஞ்ச தூரம் நடந்தால் எல்.எம்.எஸ். ஜங்ஷன். லண்டன் மிஷனரி சொசைட்டியின் சுருக்கம்தான் இடத்தின் பெயர். அங்கே இருக்கிற மெட்டீர் மெமோரியல் சர்ச் இன்று சி.எஸ்.ஐ. சபையுடையது. 19-ம் நூற்றாண்டில் திருவிதாங்கூரில், குறிப்பாக இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், பள்ளிக்கூடமும் அச்சகமும் நடத்திய மிஷன் இது. ஆங்கிலேய ஆட்சி, ஆங்கிலப் பள்ளி, அரசு விடுமுறைப் பட்டியல் என்று இந்த வழியில் வந்து பரவிய பெயர்தான் 'கிறிஸ்துமஸ்'.

யல்தோ, நத்தார், கத்தோலிக்கர் சொல்கிற 'கிறிஸ்து பிறப்பு விழா', மலையாளத்துத் 'திருப்பிறவி': எல்லாவற்றிலும் பிறப்பு இருக்கிறது. கிறிஸ்துமஸில் மட்டும் இல்லை. 'மஸ்' என்பது லத்தீன் 'மிஸ்ஸா'. கத்தோலிக்கர்கள் பூசை அல்லது திருப்பலி என்று சொல்லும் வழிபாடு. முடிவில் குருவானவர் மக்களை அனுப்பிவைக்கும்போது சொல்லும் 'இத்தே, மிஸ்ஸா எஸ்த்' என்ற லத்தீன் வாக்கியத்தில் இருந்து பிறந்த பெயர். 'போய் வாருங்கள், அனுப்பியாயிற்று' என்கிற மாதிரி பொருள். அனுப்புவது என்ற அந்த வேரில் இருந்துதான் மிஷன், மிசைல் இரண்டும் வந்தன. டெக்னோபார்க் பக்கத்தில் தும்பாவில் நம் நாட்டு ராக்கெட் வேலை தொடங்கியபோது ஆபீஸாக இருந்ததும் ஒரு பழைய சர்ச்தான். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. மிஷன் என்ற சொல்லின் இரண்டு அர்த்தமும் ஒரே கட்டடத்தில்!

இதில் ஒரு முரண் இருக்கிறது. இந்தப் பெயரைப் பரப்பிய மிஷன், 'மாஸ்' என்ற வழிபாட்டை ஏற்காத புராட்டஸ்டன்ட் மிஷன். சி.எஸ்.ஐ. சர்ச்சில் நடப்பது திருவிருந்து ஆராதனை. அதை யாரும் மாஸ் என்று சொல்வதில்லை. இங்கிலாந்திலேயே இதற்குப் பெரிய சண்டை நடந்திருக்கிறது. பியூரிட்டன்கள் 'மாஸ்' என்ற வால் பிடிக்காமல் பெயரையே மாற்றிப் பார்த்தார்கள். அவர்கள் கை ஓங்கியிருந்த 1647-ல் பார்லிமென்ட் பண்டிகையையே ரத்து செய்தது. கான்டர்பரியில் கலவரம் வெடித்தது. 1660-ல் மன்னராட்சி திரும்பியபின்தான் பண்டிகையும் திரும்பியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659-ல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். ஸ்காட்லாந்தில் அது பொது விடுமுறையானது 1958-ல். நம்ம ஃபார்வர்டு 'வெள்ளைக்காரன் பண்டிகை' என்கிறது. வெள்ளைக்காரர்களில் ஒரு பகுதியினரே அதைத் தடை செய்து பார்த்தவர்கள்.

தமிழ் இந்தப் பெயரை வாங்கும்போது ஒரு சின்ன வேலையும் செய்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு 'ட்' இருக்கும், உச்சரிக்கும்போது இருக்காது. பேச்சில் நாமும் 'கிறிஸ்மஸ்' என்கிறோம். ஆனால் எழுதும்போது பலர் 'கிறிஸ்துமஸ்' என்று எழுதுகிறோம். நமக்கு ஏற்கனவே தெரிந்த 'கிறிஸ்து'வை உள்ளே கொண்டு வந்துவிட்டோம். மலையாளத்திலும் இந்த இரண்டு எழுத்துமுறையும் உண்டு. 'மஸ்' மட்டும் அர்த்தம் தெரியாமலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

சரி, 'எக்ஸ்மஸ்' தப்பா?

முதல் ஃபார்வர்டுக்கு வருவோம். அந்த எழுத்து ஆங்கில எக்ஸ் இல்லை. கிரேக்கத்தில் கிறிஸ்து என்ற பெயரின் முதல் எழுத்து 'கி'. பார்க்க எக்ஸ் மாதிரியே இருக்கும். பழங்காலத்தில் பிரதி எடுத்த துறவிகள் கிறிஸ்துவின் பெயரை அந்த எழுத்தால் சுருக்கி எழுதினார்கள். 1100 வாக்கிலேயே ஆங்கில ஏடுகளில் இந்தப் பண்டிகையின் பெயரும் அப்படிச் சுருங்கிவிட்டது. ஆக, அது பெயரை அழிக்கிற வேலை கிடையாது. பெயரின் முதல் எழுத்தே அதுதான்.

பரிசு எந்தப் பெயரில் இருக்கிறது?

பரிசு கொடுக்கிற பண்டிகை என்கிறோம், ஆனால் இதுவரை பார்த்த பெயர்களில் பரிசு இல்லை. கேரளத்தில் அதுவும் ஒரு பக்கத்துச் சொல்லில் கிடைக்கிறது. லத்தீனில் 'மிஸ்ஸா' என்ற வழிபாட்டுக்குச் சிரியாக் பெயர் 'குர்பானா'. பொருள் காணிக்கை, கொடை. மலையாளத்தில் எல்லாக் கத்தோலிக்கரும் சொல்வது 'குர்பான' என்றுதான். பக்ரீதுக்கு நம் இஸ்லாமிய நண்பர்கள் கொடுக்கும் 'குர்பானி'யும் அதே செமிட்டிக் வேர். கிறிஸ்துமஸ் என்ற சொல்லைக் கேரளத்துக்காரர்கள் வரிக்கு வரி மொழிபெயர்த்திருந்தால் 'கிறிஸ்துவின் காணிக்கை' என்று வந்திருக்கும்.

ஆங்கிலத்தில் பரிசால் பெயர் வாங்கிய நாள் மறுநாள், டிசம்பர் 26, 'பாக்ஸிங் டே'. குத்துச்சண்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேலைக்காரர்களுக்கும் கடைப் பையன்களுக்கும் முதலாளிகள் கொடுத்த பண்டிகைப் பணத்துக்கு 'கிறிஸ்துமஸ் பாக்ஸ்' என்று பெயர். செருப்புக் கடைப் பையன்களின் உண்டியலில் கிறிஸ்துமஸுக்காகக் காசு போட்டதை லண்டன்காரர் சாமுவேல் பீப்ஸ் 1663 டிசம்பரில் டைரியில் எழுதியிருக்கிறார். நம்ம ஊர் தீபாவளி இனாம் மாதிரிதான். 'பாக்ஸிங் டே' என்ற பெயர் அச்சில் புழங்கத் தொடங்கியது 1830-களில்.

2004 டிசம்பர் 26-ஐ ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றும் 'பாக்ஸிங் டே சுனாமி' என்று எழுதுகின்றன. நாகப்பட்டினத்திலும் குளச்சலிலும் கொல்லம் ஆலப்பாட்டிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது சுனாமி, அவ்வளவுதான். ஒரு பெயரைக் கேட்டால், பெயர் வைத்தது யார் என்பது தெரிகிறது. அந்த நாளை வாழ்ந்தது யார் என்பது தெரிவதில்லை.

அந்த இரண்டாவது ஃபார்வர்டுக்குப் பதில்

ஒரே பார்வையில் பார்க்க:

- யல்தோ / எல்தோ: சிரியாக், 'பிறப்பு'. மேற்கு ஆசியாவில் இருந்து கேரளத்துக்கு.
- நத்தார்: போர்த்துகீசு, 'பிறப்பு'. இலங்கைத் தமிழில்.
- கிறிஸ்து பிறப்பு விழா, திருப்பிறவி: நம் சொற்கள், 'பிறப்பு'.
- கிறிஸ்துமஸ்: ஆங்கிலம், 'கிறிஸ்துவின் பூசை'. பள்ளி, ஆபீஸ், விடுமுறைப் பட்டியல் வழியாக.

இந்தப் பட்டியலில் கடைசியாக வந்து சேர்ந்தது ஆங்கிலப் பெயர். அதை மட்டும் எடுத்துக்கொண்டு பண்டிகையே அப்போதுதான் வந்தது என்று சொல்வது, ஒரு வீட்டுக்குப் போன வருஷம் மாட்டிய நேம் போர்டைப் பார்த்து வீடே போன வருஷம் கட்டியது என்று சொல்வது மாதிரி. சர்ச்சுக்கு வேணாட்டு ராஜா பட்டயம் கொடுத்து 1,175 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆங்கிலேயக் கம்பெனி இந்த மாவட்டத்து அஞ்சுதெங்கில் கோட்டை கட்டியது 1690-களில்தான்.

ஜன்னலும் சாவியும் போர்த்துகீசு என்பதற்காக அவற்றைக் கழற்றி வைக்கிறவர்கள் யாரும் இல்லை. அடுத்த முறை அந்த ஃபார்வர்டு வந்தால், கிறிஸ்தவ நண்பர் பதில் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 849, 1038 என்ற இரண்டு எண்களை நீங்களே போட்டுவிடுங்கள். அப்புறம் சீட்டை எடுங்கள். யார் பெயர் வந்தது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.